ஸோஃபியா நாளுக்குப் பின் விழுந்த உறைபனி

அந்த வருஷம் ஈஸ்டர் அன்று பனி பெய்தது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. யவோர்காவில் ஈஸ்டருக்குப் பனி விழுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஏப்ரல் போய் மே வந்த பிறகும் குளிர் ஊரைவிட்டு நகர மறுத்தது. நாரைகள் வழக்கம்போலத் தெற்கிலிருந்து வந்து, மின்கம்பத்தின் உச்சியில் இருந்த கூட்டில் ஒற்றைக்காலில் நின்று, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்பதுபோல வெறும் வயலையே பார்த்துக்கொண்டிருந்தன. விதைத்த பட்டாணி மண்ணுக்குள்ளேயே அழுகியது. முள்ளங்கி இரண்டு இலை விட்டதோடு நின்றுபோனது. காலையில் கடைக்கு ரொட்டி வாங்க வருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் உடம்பைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ விசாரிக்கவில்லை. "உங்க பக்கம் ராத்திரி எவ்வளவு இறங்குச்சு?" என்றுதான் கேட்டார்கள்.

கொர்னேலியாவின் வீட்டில் ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது. எல்லா ஜன்னல் விளிம்பிலும் தக்காளி நாற்று நின்றது. தயிர்க் கப்பில் பாதி, குறுக்கே வெட்டிய பால் அட்டைப்பெட்டியில் மீதி. மார்ச் மாதம் விதை போட்டவை. வெளியே போயிருக்க வேண்டிய காலம் தாண்டியும் வீட்டுக்குள் அடைபட்டு, வெயில் போதாமல் வெளிறி, கழுத்து நீண்டு, கண்ணாடியில் சாய்ந்து நின்றன. சிலது கப்பிலேயே பூவும் வைத்துவிட்டது. சமையலறை மேஜையில் இரண்டு பேர் தட்டு வைக்க மட்டும்தான் இடம்.

இதெல்லாம் அவள் புருஷன் லூத்விக்கின் ராஜ்யம். மரமறுக்கும் ஆலையில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். அதிகம் பேச மாட்டான். பேசுவதற்குப் பதில் எதையாவது நட்டுக்கொண்டிருப்பான். வீட்டுக்குப் பின்னால் மரச்சட்டம் அடித்து, பாலித்தீன் போர்த்தி, ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்கு நீளமாக ஒரு கூடாரம் கட்டியிருந்தான். அதில் விளைகிற பெரிய இளஞ்சிவப்புத் தக்காளியின் விதையை ஒவ்வொரு வருஷமும் தானே எடுத்து வைப்பான். வேறு யார் விதையும் அவன் மண்ணில் விழுந்ததில்லை.

கொர்னேலியாவுக்குத் தோட்டத்தில் கைப்பழக்கம் கிடையாது. அவள் பஸ் ஓட்டினவள். டவுனிலிருந்து மலைக்கிராமங்களுக்குப் போகும் பஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் சக்கரம் பிடித்தவள். அந்தப் பாதையில் அவளைத் தெரியாதவர் இல்லை. ஒரு ஜனவரியில் மேட்டுத் திருப்பத்தில் பஸ் பனியில் புதைந்துகொண்டது. உள்ளே இருந்த ஆம்பிளைகள் தள்ள இறங்கினார்கள். "எல்லாரும் உக்காருங்க. இது என் வண்டி" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, தனி ஆளாகப் பனியை வாரி, வண்டியைக் கிளப்பினாள். பயணிகள் உள்ளே உட்கார்ந்து குற்றவாளிகள்போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவள் குணம் அதுதான். யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். ஒரு கரண்டி உப்பு தீர்ந்தால்கூடப் பக்கத்து வீட்டில் கேட்காமல், ஈர ரோட்டில் சைக்கிள் மிதித்துக் கடைக்குப் போவாள்.

அந்தப் பாதையில் பஸ் நின்றுபோன பிறகு வீட்டில் இருந்தாள். லூத்விக் காட்டுகிற இடத்தில் தண்ணீர் ஊற்றுவாள், கட்டச் சொன்னால் கட்டுவாள். விளைந்ததைப் பாட்டிலில் அடைத்து நிலவறையில் அடுக்குவது மட்டும் அவள் பொறுப்பு.

பக்கத்து வீட்டு ஸெவரினோடு பேச்சுவார்த்தை இல்லை. அவன் மனைவியை இழந்தவன், ஊர்த் தீயணைப்புக் குழுவில் தொண்டர். ஒரு காலத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலியில் ஒரு பலகையை எடுத்துவிட்டுப் போக வர இருந்தவர்கள். ஸெவரின் வீட்டு அக்ரூட் மரம் வேலி தாண்டிக் கிளை விட்டு லூத்விக்கின் கூடாரத்தின் மேல் நிழல் போட்டது. ஒரு குளிர்காலத்தில் ஸெவரின் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது லூத்விக் அந்தப் பக்கத்துக் கிளைகளை எல்லாம் அறுத்துத் தள்ளினான். அறுத்த வேகத்தில் அடிமரத்துப் பட்டையும் கிழிந்தது. மரம் அடுத்தடுத்த வருஷங்களில் பட்டுப்போனது. அதன்பிறகு பலகை திரும்ப அடிக்கப்பட்டது. எதிரெதிரே வந்தால் மட்டும், "நமஸ்காரம், கொர்னேலியா அம்மா", "நமஸ்காரம், ஸெவரின் ஐயா" என்று ஒரு சொல். நீ, வா, போ என்று பழகியவர்கள் நீங்க, வாங்க என்று ஆன அந்த மரியாதை சண்டையைவிடக் குளிராக இருந்தது.

மே நடுவில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்று குளிர்ப் புனிதர்களின் நாள் வரிசையாக வரும். நாலாவதாக ஸோஃபியா நாள். அது கழிந்தால் உறைபனி இல்லை என்று யவோர்காவில் குழந்தைக்கும் தெரியும். அந்த வருஷமும் ஸோஃபியா நாள் கழிந்தது. மறுநாளே லூத்விக் நாற்றுகளைக் கூடாரத்துக்குள் நட்டான். நட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவன் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு தெளிவு. கொர்னேலியா ஜன்னல்களைத் துடைத்து, திறந்துவைத்து, மேஜையைத் தன் மேஜையாக மீட்டுக்கொண்டாள்.

வாரம் முடிவதற்குள் ரேடியோ சொன்னது: வடக்கிலிருந்து காற்று, வானம் தெளியும், விடியலில் மைனஸ் ஐந்து.

மதிய சாப்பாட்டில் லூத்விக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அஞ்சுக்குப் பாலித்தீன் தாங்காது."

"போர்வை, பழைய திரைச்சீலை எல்லாம் எடுத்துத் தரேன், உள்ள போத்திவிடு."

"அதுவும் தாங்காது. கனல் வெக்கணும்."

"எங்க?"

"உள்ளதான். வாளியில."

அவன் சொன்னது, துளை போட்டு வைத்திருந்த பழைய இரும்பு வாளி. வீட்டு அடுப்பிலிருந்து எரிந்து சிவந்த நிலக்கரியை அதில் வாரி வைத்தால் விடிய விடியக் கனன்றுகொண்டிருக்கும்.

"மூடின இடத்துல கரியா? உனக்குப் புத்தி இருக்கா லூத்விக்?"

"புகை வராது. சிவந்த கரிதான். ஆலையில மரம் காய வெக்கிற கொட்டகையில வருஷக்கணக்கா இப்படித்தான் வெச்சோம்."

"அந்தக் கொட்டகைப் பலகைச் சந்துல என் தலையே நுழையும், அவ்வளவு காத்து. இங்க ஓரமெல்லாம் மண்ணு போட்டு மூடி வெச்சிருக்க."

"நான் உள்ள உக்காந்து பாத்துக்கறேன். நெருப்பு பாலித்தீன்ல படாம."

"நீ உள்ள உக்காரதுதான் எனக்குப் பயம்."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற? சாகட்டும்னு விட்டுறவா?"

அவன் குரலை உயர்த்தி அவள் கேட்டது அபூர்வம். கொர்னேலியா எழுந்து தட்டுகளை எடுத்தாள். "உன் செடி, உன் வாளி. என்னவோ பண்ணு" என்றாள். சொன்னபோதே அந்த வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அவளுக்கு வராது.

சாயங்காலம் சால்வையைப் போர்த்திக்கொண்டு மாதா பிரார்த்தனைக்குப் போனாள். மே மாதம் முழுக்க, பொழுது சாயும் நேரத்தில், மேட்டில் இருக்கும் மாதா சிலைக்கு ரிப்பன் கட்டி, ஊர்ப் பெண்கள் நின்று பாடுவார்கள். அன்று எல்லோர் வாயிலிருந்தும் ஆவி வந்தது. லூத்விக்கின் அக்கா ஓட்டிலியா தன் ஆட்டுத்தோல் கோட்டில் புதைந்து கொர்னேலியாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"என் தம்பி நட்டுட்டானாமே? அவசரக்காரன். நான் இன்னும் வெளியவே எடுக்கல. இந்த வருஷ ஸோஃபியாவ நம்பறதும் ஒண்ணு, நம்ம பஞ்சாயத்துத் தலைவர நம்பறதும் ஒண்ணு."

கொர்னேலியா கீழே பார்த்தாள். மேட்டிலிருந்து அவள் வீட்டுப் பின்பக்கம் தெரியும். லூத்விக் உள்ளே விளக்கை மாட்டியிருந்தான். கூடாரம் முழுவதும் மஞ்சளாக ஒளிர்ந்தது. அதற்குள் அவன் நிழல் குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது. வாளியை இடம் மாற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். பாட்டு தொடர்ந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். நிழல் தாழ்வாக இருந்தது. உட்கார்ந்திருக்கிறான். சளி பிடித்த சிறுமி ஒருத்தி முன்வரிசையில் இருமிக்கொண்டிருந்தாள். பெண்கள் ஒவ்வொரு வரிக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முடித்தார்கள். கொர்னேலியா வாய் பாடியது, கண் கீழேயே இருந்தது. நிழல் அசையவில்லை. லூத்விக் சும்மா உட்காரத் தெரியாதவன். உட்கார்ந்தாலும் கை எதையாவது கிள்ளிக்கொண்டிருக்கும். இன்னொரு வரி போயிற்று. அந்த நிழல் போன வரியில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அவள் நகர்ந்தாள்.

"எங்கடி போற? இன்னும் முடியல" என்றாள் ஓட்டிலியா.

கொர்னேலியா முதலில் நடந்தாள். பிறகு ஓடினாள். வழியில் வழுக்கி முட்டி தேய்ந்தது. தோட்டத்து வாசலில் நின்று, "லூத்விக்!" என்றாள். பதில் இல்லை. இன்னொரு தரம் கத்தினாள். உள்ளே இருந்து விளக்கின் மஞ்சள் வெளிச்சம் மட்டும் வந்தது.

மரச்சட்டக் கதவைத் திறந்ததும் குளியலறையைத் திறந்ததுபோல வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. தக்காளி இலையின் பச்சை வாசனை. வேறு எந்த நாற்றமும் இல்லை. லூத்விக் கவிழ்த்துவைத்த மரப்பெட்டியில் உட்கார்ந்த வாக்கிலேயே பக்கவாட்டில் சரிந்து செடிகளின் மேல் கிடந்தான். முகம் நல்ல உறக்கத்தில் இருப்பவன் முகம்போலச் சிவந்திருந்தது. அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பொத்தான் பிய்ந்து கையோடு வந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். ஒரு முழம்கூட நகரவில்லை. நெற்றிப்பொட்டில் யாரோ தட்டுவதுபோல இருந்தது. தரை லேசாகச் சாய்ந்தது. அவளுக்குப் புரிந்தது: இன்னும் கொஞ்சம் நின்றால் தானும் இங்கேயே விழுவாள், விடியும்வரை யாரும் வர மாட்டார்கள்.

வெளியே வந்தாள். அவனை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்த அந்தக் கணம்தான் பின்னால் அவளை அதிகம் வதைத்தது. கைபேசி சமையலறையில் இருந்தது. வேலிக்கு அப்பால் ஸெவரினின் ஜன்னலில் விளக்கு எரிந்தது.

"ஸெவரின்!" அந்தப் பெயரை ஐயா இல்லாமல் அவள் கூப்பிட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. "ஸெவரின், வா! ஓடி வா! லூத்விக் விழுந்துட்டான்! கரி வெச்சான்!"

கதவு திறந்த சத்தமும் வேலி முறிந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. வீட்டுச் செருப்போடு, கையில் ரொட்டிக் கத்தியோடு வந்தான்.

"உள்ள போகாத! கொர்னேலியா, தள்ளி நில்லு!"

"அவன் உள்ள இருக்கான்!"

"தெரியும். காத்து விடணும் முதல்ல."

கத்தியைப் பாலித்தீனில் பாய்ச்சி, கூடாரத்தின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை ஓடியபடியே கிழித்தான். மறுபக்கமும் கிழித்தான். வெப்பம் வெளியே பாய்ந்து ஆவியாக எழுந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, வாளியை உதைத்து வெளியே உருட்டினான். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு தோளாகப் பிடித்து லூத்விக்கைப் புல்லுக்கு இழுத்து வந்தார்கள். வருகிற வழியில் செடிகள் காலடியில் நொறுங்கும் சத்தம் கேட்டது.

"மூச்சு இருக்கு" என்றான் ஸெவரின். "என் சட்டைப் பையில போன் இருக்கு, எடு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. கரிக்காத்துன்னு சொல்லு, ஆக்சிஜன் வேணும்னு சொல்லு. லூத்விக்! டேய் லூத்விக், கேக்குதா?"

லூத்விக் முனகினான். பிறகு வாந்தி எடுத்தான். கொர்னேலியா அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ்காரனிடம் தன் வீட்டுக்கு வழி சொன்னாள். எத்தனையோ வருஷம் ஓட்டிய பாதை. எந்தத் திருப்பத்தில் எது என்று பிசகாமல் சொன்னாள்.

மறுநாள் காலையில் டவுன் ஆஸ்பத்திரியில், வயதில் சிறியவளான ஒரு டாக்டரம்மா வெளியே வந்து சொன்னாள். "பிழைச்சுட்டாரு. ஆனா மூளைக்குப் போற காத்து குறைஞ்சிருந்துச்சு இல்லையா, ஞாபகம் அங்கங்க விட்டுப்போகலாம். கை கொஞ்ச நாளைக்கு நடுங்கும். அவரப் பதட்டப்படுத்தாதீங்க."

லூத்விக் ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தான். அவளைப் பார்த்ததும் அதை விலக்கினான். என்ன நடந்தது என்று அவன் கேட்பான், எப்படிச் சொல்வது என்று அவள் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அவன் கேட்டது அதை இல்லை.

"செடி?"

"என்ன?"

"செடி என்ன ஆச்சு?"

கொர்னேலியாவுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. ஆனால் அவன் கண்களில் இருந்த பயம் அவள் அதுவரை பார்த்திராதது. "நிக்குது" என்றாள். "எல்லாம் நல்லாத்தான் நிக்குது. நீ முகமூடியப் போடு."

வீடு திரும்பித் தோட்டத்துக்குப் போனாள். கிழிந்த கூடாரத்தின் மேல் தீயணைப்புக் குழுவின் பெரிய தார்ப்பாய் கிடந்தது. யார் போர்த்தியது என்று கேட்கத் தேவையில்லை. அதைத் தூக்கிப் பார்த்தாள். பயனில்லை. செடிகள் எல்லாம் வெந்த கீரைபோலக் கறுத்து, தண்டு துவண்டு, மண்ணில் ஒட்டிக் கிடந்தன. ஊர் முழுவதும் அப்படித்தான். உருளைக்கிழங்குத் தளிர் கருகியிருந்தது. ஸ்ட்ராபெரிப் பூக்களின் நடுவில் கறுப்புப் பொட்டு. டவுன் சந்தையில் இருந்த கொஞ்ச நஞ்ச நாற்றையும் அன்று காலையிலேயே ஜனங்கள் அடித்துப் பிடித்து வாங்கித் தீர்த்துவிட்டார்கள்.

அவள் கறுத்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உரக்குழியில் போட்டாள். நிக்குது என்று சொல்லியாயிற்று. அவன் எந்த நாள் வீட்டுக்கு வந்தாலும் நேராக இங்கேதான் வருவான். டாக்டரம்மா சொன்னது காதிலேயே இருந்தது. நாற்று யாரிடம் இருக்கும்? நடாமல் தாமதித்தவர்களிடம்தான் இருக்கும். அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். வேலியோரம் வெகு நேரம் நின்றாள். பனியில் பஸ்ஸைத் தோண்டி எடுத்தது இதைவிட லேசாக இருந்தது.

முதலில் ஓட்டிலியா வீடு. கதவைத் திறந்தவள் தம்பியைப் பற்றி விசாரித்து, அழுது, மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை கொர்னேலியா காத்திருந்தாள்.

"உன்கிட்ட தக்காளி நாற்று இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"எனக்குக் குடு."

ஓட்டிலியா கைக்குட்டையை இறக்கினாள். "என்ன சொன்ன?"

"குடுன்னு சொன்னேன்."

"கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்கு வந்த நாள்லருந்து உன் வாயில அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லடி. இன்னொரு தடவ சொல்லு."

கொர்னேலியாவின் காது மடல் சிவந்தது. "குடு, ஓட்டிலியா. அவன்கிட்ட எல்லாம் உயிரோட இருக்குன்னு சொல்லிட்டேன்."

ஓட்டிலியா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். கொர்னேலியாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். உள்ளே போய் ஜன்னல் ஜன்னலாகக் கப்புகளை எடுத்துக் கூடையில் அடுக்க ஆரம்பித்தாள். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. எனக்கு எதுக்கு, கடிக்கப் பல்லு இருக்கா? ஆனா இது குட்டைத் தக்காளி. அவன் பாத்தா அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவான்."

"அப்ப பாத்துக்கலாம்."

அது பாதி வரிசைக்குத்தான் போதுமாயிருந்தது. மேட்டுத் தெருவில் கேட்டாள், பால்காரி வீட்டில் கேட்டாள். ஒரு வீட்டில் நாலு, இன்னொரு வீட்டில் இரண்டு. கேட்கக் கேட்க வாய் பழகும் என்று நினைத்தாள், பழகவில்லை. கடைசியாக மீதி இருந்தது ஸெவரின் வீடு. அவன் கண்ணாடி போட்ட வராந்தாவில் நாற்றுகள் செழித்து நிற்பது வேலியிலிருந்தே தெரிந்தது.

அவன் வாசலில் உட்கார்ந்து முறிந்த வேலிப் பலகையைச் செதுக்கிக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கான்?"

"பேசறான். செடியப் பத்திக் கேட்டான்."

"அவன் கேப்பான்."

"நிக்குதுன்னு சொல்லிட்டேன்."

ஸெவரின் செதுக்குவதை நிறுத்தினான். அவள் கையில் இருந்த வெறும் கூடையைப் பார்த்தான். பட்டுப்போன அக்ரூட் மரத்தின் அடிக்கட்டை இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் இருந்தார்கள்.

"பாலித்தீனக் கிழிச்சவன் நான்தான்" என்றான் கடைசியில். "கிழிக்காம இருந்திருந்தா செடி பிழைச்சிருக்கும். ஆள் பிழைச்சிருக்க மாட்டான். ராத்திரி தார்ப்பாய் போட்டுப் பாத்தேன், ஆகல. வராந்தாவுல இருக்கறத எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அவன் என்னை வந்து கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். என் மரத்த அவன் அறுத்தப்பவும் நான் வாயில பொய் வெச்சுக்கல, இப்பவும் வெச்சுக்க மாட்டேன்."

"கேக்க மாட்டான். அவன் உன்கிட்ட பேசவே மாட்டான்."

"அதுவும் சரிதான்" என்று ஸெவரின் எழுந்து கப்புகளை எடுத்துக் கொடுத்தான்.

அன்றும் மறுநாளும் அவள் நட்டாள். லூத்விக் எவ்வளவு இடைவெளி விடுவான் என்பதைப் பழைய குழிகளே காட்டின. கிழிந்த பாலித்தீனை அகலமான பசைநாடாவால் ஒட்டினாள். மறுபக்கத்தை ஸெவரின் வந்து ஒட்டினான். குளிர் ஒருவழியாக விலகி, மதியங்களில் தேனீ சத்தம் கேட்க ஆரம்பித்தது. புதிய செடிகள் வேர் பிடித்தன. ஆனால் லூத்விக் வருகிற நாள் நெருங்க நெருங்க, அவள் இரவிலும் விளக்கோடு போய்ச் செடிகளைப் பார்த்து வந்தாள்.

ஓட்டிலியாவின் மகன் காரில் கூட்டி வந்தான். லூத்விக் மெலிந்திருந்தான். கோட்டைக் கழற்றாமல், வீட்டுக்குள் நுழையாமல், சுவரைப் பிடித்தபடியே பின்பக்கம் நடந்தான். கொர்னேலியா பின்னால் போனாள். பசைநாடா ஒட்டிய பாலித்தீனைப் பார்த்தான். உள்ளே நுழைந்து, முதல் செடியின் இலையை நடுங்கும் விரல்களால் பிடித்தான். அடுத்த செடிக்குப் போனான். அதற்கடுத்தது. வரிசை முடியும்வரை போய்த் திரும்பி வந்தான்.

"இது என்னோடது இல்ல."

அவள் கதவை இன்னும் அகலத் திறந்துவைத்தாள்.

"ஒண்ணுகூட என்னோடது இல்ல. எல்லாம் செத்துப்போச்சா?"

"செத்துப்போச்சு."

"நிக்குதுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"ஏன் சொன்ன?"

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது அவளுக்குள் கிளம்பியது.

"ஏன் சொன்னேனா? நீ ஏன் கண்ணு முழிச்சதும் அதக் கேட்ட? நான் எப்படி உன்ன வெளிய கொண்டு வந்தேன்னு கேட்டியா? உன் சட்டையப் பிடிச்சு இழுத்தேன், பொத்தான்தான் கையில வந்துச்சு. அவ்வளவு பெரிய பஸ்ஸ வளைச்சுத் திருப்பின கைடா இது, உன்ன ஒரு முழம் நகத்த முடியல. உன்ன அங்க விட்டுட்டு வெளிய ஓடி வந்தேன். விட்டுட்டு வந்தேன், லூத்விக்! அப்புறம் வீடு வீடாப் போய்ப் பிச்சை எடுத்தேன், நீ இங்க வந்து நின்னு இலையத் தடவிப் பாத்து என்னோடது இல்லன்னு சொல்றதுக்கு!"

அவள் குரல் கேட்டு வேலிக்கு அப்பால் கோழிகள் கலைந்தன. லூத்விக் அந்த மரப்பெட்டியைத் தேடி அதில் உட்கார்ந்தான். அவன் அங்கே உட்காருவதைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதுல உக்காராத!" என்று கத்தினாள். அவன் சட்டென்று எழுந்துவிட்டான். எழுந்தவன் நிற்க முடியாமல் அவள் தோளைப் பிடித்தான். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"எது யாரோடது?" என்றான் பிறகு.

"இந்தப் பக்கம் உங்க அக்காவோடது. நடுவுல மேட்டுத்தெருக்காரங்களோடது. அந்த மூலை ஸெவரினோடது. அவன்தான் உன்ன இழுத்தான்."

லூத்விக் அந்த மூலையை நெடுநேரம் பார்த்தான். அன்று மாலை வேலியோரம் போய் நின்றான். அந்தப் பக்கம் ஸெவரின் இருந்தான்.

"வந்துட்டேன்" என்றான் லூத்விக்.

"பாத்தேன்."

"உன் நாற்றுக்கு அடியில முதலிலையக் கிள்ளணும். கிள்ளாம வளத்திருக்க."

"வந்து கிள்ளிக்கோ. இனிமே உன் தோட்டத்துல நிக்குது" என்றான் ஸெவரின்.

மரத்தைப் பற்றி லூத்விக் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. ஸெவரினும் எதிர்பார்க்கவில்லை. உடைந்த பலகையை மட்டும் யாரும் திரும்ப அடிக்கவில்லை. இலையுதிர் காலத்தில் நாய்கூட அந்த வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது.

தக்காளி அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில்தான் பழுத்தது. குட்டையும் நெட்டையும், சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கலவை. லூத்விக் ஒவ்வொன்றாக நறுக்கித் தின்று பார்த்து, "தோல் தடிப்பு", "இது தண்ணி" என்று குறை சொல்லிக்கொண்டே தட்டைக் காலி பண்ணினான்.

கை நடுக்கம் முழுதாகப் போகவில்லை. சில பெயர்கள் அவனிடம் திரும்பி வரவில்லை. தோட்டத்தில் கட்டுவது, கிள்ளுவது எல்லாம் மெல்லமெல்லக் கொர்னேலியாவின் கைக்கு வந்தது. அவளுக்குத்தான் வேறொன்று வந்து சேர்ந்தது: அவன் கூடாரத்துக்குள் போய்ச் சற்று நேரமானால் அவளால் சமையலறையில் நிற்க முடியாது. நெருப்பு இல்லை, வாளியை அவளே குப்பையில் போட்டாயிற்று, வெயில் காலம், கதவும் திறந்தே இருக்கிறது. எல்லாம் தெரியும். ஆனாலும் கால் நடந்துவிடும். தேநீர் கொண்டுபோவாள். கத்தரிக்கோல் தேடி வந்ததாகச் சொல்வாள். நூல் வேண்டுமா என்று கேட்பாள். அவன் நிமிர்ந்து பார்ப்பான், ஒன்றும் சொல்ல மாட்டான்.

ஒருநாள் அவள் மூன்றாவது தேநீரோடு வாசல் இறங்கியபோது கூடாரத்துக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. நாளெல்லாம் நாலு வார்த்தை பேசாத லூத்விக், செடியைத் திட்டிக்கொண்டிருந்தான். "ஏண்டா இப்படி வளையற, உனக்கு என்ன கேடு, நிமிந்து நில்லு" என்று உரக்க, வேலிக்கு அப்பாலும் கேட்கும்படி. அடுத்த நாளும் திட்டினான். அதற்கடுத்த நாளும். உள்ளே இருக்கும் நேரமெல்லாம் விடாமல் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்ல ஒன்றும் இல்லாதபோது ஒன்று, இரண்டு என்று எண்ணினான்.

கரிக்காற்று அவனுக்குத் தலையில் ஏறிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஓட்டிலியா வந்து, டாக்டரிடம் காட்டலாமா என்று ரகசியமாகக் கேட்டாள். கொர்னேலியா, வேண்டாம் என்றாள். தேநீர் எடுத்துக்கொண்டு போவதை அவள் நிறுத்தியிருந்தாள். சமையலறை ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, அவன் குரல் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்து, வெள்ளரிக்காயைப் பாட்டிலில் அடைக்க ஆரம்பித்தாள்.